அடுத்தவன் திருகிய ஸ்க்ரூ

பழைய செட் வாங்கலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வரும் என்ன, வந்துகொண்டிருந்தது. இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

செட் என்றால் டிவி செட் இல்லை. அமெச்சூர் ரேடியோ. அரசாங்கத்தில் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டுக்கு மேலே கம்பி இழுத்துக் கட்டி, தெரிந்தவனோடும் தெரியாதவனோடும் காற்றில் பேசுகிற பொழுதுபோக்கு. கையில்தான் ஃபோன் இருக்கிறதே, இது எதற்கு என்று என் மனைவி இருபது வருஷமாகக் கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளாது, விடுங்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெளியிலிருந்து வருகிற உதிரி பாகங்களைப் பிரித்து, அளந்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புகிற வேலை. இருபத்தெட்டு வருஷம் இதையே செய்தால் அது ஒரு வியாதியாகவே ஆகிவிடும். ஹோட்டலில் தோசை வந்தால்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். சட்டைப் பையில் பேனா பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.

லைசென்ஸ் வாங்கிய புதிதில் கையில் காசு இல்லாமல் ஒரு பழைய செட் வாங்கினேன். வெளியே பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் உள்ளேயிருந்து புகை வந்தது. திறந்து பார்த்தால் எவனோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே கைவைத்திருக்கிறான். வேறு ஏதோ செட்டிலிருந்து பிடுங்கிய பாகம், கண்டபடி ஈயப் பற்று, நாலு ஸ்க்ரூவில் இரண்டின் தலை வழுக்கிப் போயிருந்தது. விற்றவனைத் தேடிப் போனால் அவன் வீடு மாறிவிட்டான். அன்றைக்குச் சபதம் போட்டேன். இனிமேல் அடுத்தவன் திருகின ஸ்க்ரூவை நான் திருக மாட்டேன். பட்டினி கிடந்தாலும் புதுசுதான்.

இந்த வசனத்தை நான் சொல்லாத இடம் கிடையாது. தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவோம். அதற்கு நெட் என்று பெயர். அதில் எவனாவது பழைய செட் விலைக்கு வருகிறது என்று வாயைத் திறந்தால் போதும், நான் குறுக்கே பாய்ந்து வாரன்டி கார்டு, பில், சீல் என்று ஆரம்பித்துவிடுவேன். எனக்கு ஸ்க்ரூ அண்ணாத்தே என்று பெயரே வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டுப் போகட்டும் என்று நான் நிறுத்தவில்லை.

என் தங்கையைக் கட்டியவன் எனக்கு நேர் எதிர். ஆவடிப் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். வெள்ளானூரில் அவர்களுடைய பரம்பரை நிலத்தில் ஒரு துண்டில் வீடு கட்டியிருந்தான். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த செட்டைப் பார்த்துவிட்டு, தங்கையைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன். கல்யாணம் முடிந்த அடுத்த வருஷமே அவனும் லைசென்ஸ் வாங்கிவிட்டான். நான் இருப்பது முகப்பேரில் ஹவுசிங் போர்டு ஃபிளாட். பால்கனியில் ஒரு முழம் கம்பி கட்டினாலே, வைஃபை வரவில்லை என்று கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அவனுக்கு மாடியிலிருந்து தென்னை மரம் வரைக்கும் கம்பி. என்னுடைய புதுச் செட்டைவிட அவனுடைய பழைய செட்டின் குரல் எப்போதும் தெளிவாகக் கேட்கும். எனக்கு வயிறு எரியும்.

அவன் அதுவரை வாங்கியதெல்லாம் பழசுதான். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தான்.

"மச்சான், நீ புதுசு வாங்கினு ஊட்டு வாசப்படி தாண்டறதுக்குள்ள பத்தாயிரம் போச்சு. நான் பழச எவ்ளோக்கு வாங்கறனோ, ரெண்டு வருசம் பேசிட்டு அவ்ளோக்கே வித்துடுவேன். எனக்கு வாடககூட கெடையாது."

"நடுவுல எரிஞ்சிச்சின்னா எவன்டா மாப்ள குடுப்பான்?"

"என் மாமனாரு குடுப்பாரு. உங்கப்பாதான, நீயே கேட்டு வாங்கிக் குடு."

இப்படி இருபது வருஷம். பொங்கலானாலும் சாவானாலும் நாங்கள் இருவரும் ஒரு மூலையில் உட்கார்ந்து புதுசா பழசா என்று கத்திக்கொண்டிருப்போம். என் தங்கை வந்து இரண்டு பேர் முன்னாலும் தட்டை டொம்மென்று வைத்துவிட்டுப் போவாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்றில் பேசும்போது எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று மதிப்பெண் சொல்வது எங்கள் வழக்கம். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. ஐந்து ஒன்பது என்றால் முழு மார்க். நாங்கள் எல்லோரும் மரியாதைக்காக எல்லோருக்கும் ஃபைவ் நைன் என்றுதான் சொல்வோம். சொல்லிவிட்டு, உங்க பேரு சரியா கேக்கலியே சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க என்போம். அவன் மட்டும் உள்ளதைச் சொல்வான். "மச்சான், இன்னிக்கு நீ மூணு அஞ்சு. பால்கனில ஈரத் துணி காயுதா?" என்பான். காய்ந்துகொண்டுதான் இருக்கும். அவனிடம் நல்ல மார்க் வாங்குவதற்காகவே என் மனைவியிடம் கொடியை மாற்றிக் கட்டச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு இடி மழையில், கம்பி வழியாக மின்னல் இறங்கி அவன் செட் எரிந்துபோய்விட்டது. மழை வந்தால் கம்பியைக் கழற்றி வெளியே போடுகிற ஆள்தான். அன்றைக்கு வயிற்று வலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டிருந்தான். மறுநாள் எனக்கு ஃபோன் செய்து செட்டைப் பற்றித்தான் பேசினான். வயிற்று வலியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னான்.

அந்த வலி நிற்கவில்லை. கார்த்திகையில் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எல்லா டெஸ்டும் எடுத்தோம். டாக்டர் என்னையும் தங்கையையும் மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். கணையம் என்றார். கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார். ஐந்து மாதம், இழுத்தால் ஆறு மாதம். வலிக்கு மாத்திரை தருகிறேன், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

வெளியே வந்ததும் தங்கை அழவில்லை. என் கையைப் பிடித்து அவள் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியக் கூடாதுண்ணா. தெரிஞ்சா அன்னிக்கே செத்துடுவாரு. வயித்துப் புண்ணுன்னு சொல்லிக்கலாம். என் தல மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனிடம் போய், "புண்ணாம்டா. வேளா வேளைக்குத் துன்ன மாட்ட, அதான். காரத்த கொற" என்றேன். அவன் சரி என்று தலையாட்டினான். ஆட்டோவில் வரும்போது, இனிமேல் காரக் குழம்பே கிடையாதா என்று தங்கையிடம் கேட்டான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் எங்கேயிருந்து எடுத்தாள் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

தை பிறந்த பிறகு ஒரு நாள் தங்கை ஃபோன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ண்ணா, அவரு புதுச் செட்டு வாங்கப் போறாராம். ஒரு லச்சத்து பதினஞ்சாயிரம். ரெண்டு வருசம் வாரன்டியாம். நான் வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டேன். ஆனா உன்னாண்ட ஒரு வார்த்த கேட்டாதான் ஆச்சாம். ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போ."

"பாப்பா, ஒரு லட்சத்துக்கு எங்க போவ?"

"அத்த நான் பாத்துக்கறேன். நீ பணத்தப் பத்தி ஒண்ணும் பேசாத. அவரு வாங்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நான் வண்டியை எடுத்தேன். முகப்பேரிலிருந்து அம்பத்தூர், ஆவடி தாண்டி வெள்ளானூர் போய்ச் சேர முக்கால் மணி நேரம். வழி முழுக்க எனக்கு மண்டைக்குள் ஒரே ஓட்டம். அவர்கள் பெண் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவன் சம்பளம் நின்றுபோகும். தங்கை எங்கேயும் வேலைக்குப் போனவள் இல்லை. நாலு மாதத்துக்கு ஒரு லட்சமா? அவள் ஏதோ ஆசையில், அழுகையில் சரி என்று சொல்லிவிட்டாள். நாளைக்கு அவள் தனியாக நிற்கும்போது யார் பதில் சொல்வது? கூடப் பிறந்தவன் நான்தானே யோசிக்க வேண்டும். நான்தான் இதை நாசூக்காக முடிக்க வேண்டும். இப்படியெல்லாம் என்னை நானே பெரிய மனுஷனாக நினைத்துக்கொண்டு போனேன்.

கூடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். வேட்டியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தான். கையில் ஒரு தாள். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று எழுதியிருந்தான். புதுசு: ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம், வாரன்டி இரண்டு வருஷம். பழசு: நாற்பத்தெட்டாயிரம், நூம்பல். நூம்பலில் ஒரு பையன் வெளிநாடு போகிறான், அதே மாடல் செட்டை விற்கிறான் என்று நெட்டில் யாரோ சொன்னார்களாம். அந்தப் பக்கத்தில் வாரன்டி என்று எழுதி ஒன்றும் போடாமல் விட்டிருந்தான்.

"வா மச்சான். ஜெயிச்சிட்ட. இருவது வருசம் கத்துனியே, இந்த வாட்டி உன் ரூட்டுதான். புதுசே வாங்கிடலாம்னு கீறேன். இன்னா சொல்ற?"

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு விட்டுக்கொடுக்கிற சந்தோஷம். தங்கை அடுக்களை வாசலில் மோர் டம்ளரோடு நின்றாள்.

நான் தாளை வாங்கி, பார்ப்பது போலப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"எதுக்கு மாப்ள அவ்ளோ காசு? பழசே போதும்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? என் வாய் அப்படிப்பட்டதா? ஒரே மாடல்தானே, உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதானே, வாரன்டி வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா, எந்தக் கம்பெனிக்காரன் ஒழுங்காகக் கொடுக்கிறான் என்று, இருபது வருஷம் அவன் என்னிடம் சொன்னதையெல்லாம் நான் அவனிடம் திருப்பிச் சொன்னேன். வரிசையாக, ஒன்று விடாமல். தங்கை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறுபத்தேழாயிரம் மிச்சம் பண்ணிக் கொடுத்ததற்கு நன்றியோடு பார்க்கிறாள் என்று நினைத்தேன். மடையன்.

அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "சரி மச்சான். நீயே சொல்லிட்ட. போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?" என்றான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

என் வண்டியிலேயே போனோம். பின்னால் அவன் உட்கார்ந்திருக்கிற பாரமே தெரியவில்லை. பள்ளம் வரும்போது இருக்கிறானா என்று ஒரு முறை கையைப் பின்னால் விட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நூம்பலில் அந்தப் பையன் இருந்தது புதிதாக எழும்பிய ஒரு அடுக்குமாடியில். வீடு முழுக்க அட்டைப் பெட்டி. செட்டை மேசைமேல் எடுத்து வைத்து, பில், பெட்டி, மைக் எல்லாம் காட்டினான். "வாரன்டி மட்டும் போன வருஷமே முடிஞ்சிடுச்சு சார்" என்று கொஞ்சம் சங்கடமாகச் சொன்னான். என் மாப்பிள்ளை, "பரவால்ல தம்பி, அது எனக்குத் தேவப்படாது" என்றான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் கிளம்புகிற அவசரத்தில் இருந்தேன்.

பையன் செட்டைப் போட்டுக் காட்டினான். ஓடியது. மாப்பிள்ளை என் சட்டைப் பையைப் பார்த்தான்.

"தொறந்து பாக்கலியா மச்சான்?"

"வேணாம். பாத்தாலே தெரியுது, நல்லாதான் கீது."

ஸ்க்ரூ டிரைவர் பையிலேயே இருந்தது. பேரம்கூடப் பேசவில்லை. நாற்பத்தெட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்து, விற்றதற்கு ஒரு கடிதமும் அந்தப் பையனின் லைசென்ஸ் நகலும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினோம். பெட்டியை மாப்பிள்ளை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

திரும்பும்போது பருத்திப்பட்டு ஏரி தாண்டியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னான். அவனுக்குப் பால் மட்டும், சர்க்கரை கம்மியாக. எனக்கு டீ. பெட்டியை பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தான்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். ஃபைவ் நைன் குடுக்காத."

"இன்னாடா?"

"எத்தினி மாசம் சொன்னாங்க?"

டீ என் தொடையில் கொட்டியது. என்னடா உளறுகிறாய், புண்ணுடா, மாத்திரை போட்டால் சரியாயிடும் என்று ஏதோ கத்தினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவன் நான் கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தான்.

"டாக்டரு என் மூஞ்சிய பாக்காமயே பேசனாரு. சரி, அவுரு சுபாவம்னு உட்டேன். இவ, நான் நூறு ரூபாய்க்கு ஒயரு வாங்கனாலே கத்தறவ, ஒரு லச்சத்துக்கு செட்டு வாங்கிக்கோன்றா. சரி, ஒடம்பு சரியில்லன்னு பாசத்துல சொல்றான்னு உட்டேன். நீ பழசு வாங்குன்ன பாரு மச்சான்..."

பாலை ஒரு வாய் குடித்தான். நடு ரோட்டில், ஐம்பத்தாறு வயசில், பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவன் என் முதுகில் கையை வைத்தான். சாகப்போகிறவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான், நான் உட்கார்ந்து அழுகிறேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

"அஞ்சு, ஆறு மாசம்னாங்க. கார்த்திகைல" என்றேன்.

அவன் விரல் விட்டு எண்ணினான். "அப்ப சித்திர, வைகாசி" என்றான். பிறகு பெட்டியைத் தட்டினான். "நீ சொன்னது கரெக்டுதான். எனக்கு எதுக்கு ரெண்டு வருசம் வாரன்டி? பழசே போதும்."

"வாய மூடுடா" என்றேன்.

"எனக்குத் தெரியும்னு உன் தங்கச்சிக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிதான் அவ நிம்மதியா கீறா. அத்த கெடுக்காத. சத்தியம் பண்ணு."

ஆளாளுக்கு என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். ஒருத்தி வாங்கிய சத்தியத்தைக் காப்பாற்ற வக்கில்லாதவனிடம் இன்னொருவன் வாங்கினான். பண்ணினேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவன் தங்கையைக் கூப்பிட்டு, "பாரு, உங்கண்ணன் எனக்கு எவ்ளோ காசு மிச்சம் பண்ணிட்டான்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். நான் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

அடுத்த நாளே நெட்டில் அவன் குரல் வந்துவிட்டது. எல்லோரும் வரவேற்றார்கள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். "புண்ணு ஆறிட்டு வருது, இப்ப பரவால்ல, நேத்து ரெண்டு இட்லி எக்ஸ்ட்ரா சாப்ட்டேன்" என்றான். பின்னணியில் தங்கை பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் மைக்கில் சொல்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியும். எவன் குரல் எப்படி இருந்தாலும் உள்ளதைச் சொன்னவன், தினமும் காலை ஏழு மணிக்குக் காற்றில் ஒரு பொய் சொன்னான். மாசி போய்ப் பங்குனி வந்தது. ஆறிவிட்டது, முக்கால்வாசி ஆறிவிட்டது, அடுத்த மாதம் வேலைக்குப் போய்விடுவேன். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினான். நான் என் முறை வந்ததும், "ஃபைவ் நைன் மாப்ள" என்பேன். "நீ நாலு ஆறு மச்சான்" என்பான். என் விஷயத்தில் மட்டும் கடைசி வரைக்கும் உள்ளதைத்தான் சொன்னான்.

சித்திரை முடிய ஒரு வாரம் இருக்கும்போது போய்விட்டான். அதற்கு முன்னால் மூன்று நாள் நெட்டுக்கு வரவில்லை. நான்காம் நாள் காலை நெட்டில் லைசென்ஸில் அவனுக்குக் கொடுத்திருந்த அழைப்புக் குறியை ஒரு முறை கூப்பிட்டுவிட்டு ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் இருந்தோம். இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் போன பிறகும் அந்த இரைச்சல் அப்படியேதான் இருந்தது, அது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத் தங்கை கூப்பிட்டாள். செட்டை எடுத்துக்கொண்டு போ, பார்க்க முடியவில்லை என்றாள். போனேன். கூடத்து மூலையில் அவனுடைய மேசை, நாற்காலி, செட். வெளியே தென்னை மரத்தில் கம்பி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கை சும்மா இருக்காது. யாருக்காவது விற்பதானாலும் உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டாமா என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். நூம்பலில் செய்திருக்க வேண்டிய வேலை. எட்டு ஸ்க்ரூ. எட்டின் தலையிலும் கம்பெனியில் போட்ட சிவப்புப் பெயின்ட் பொட்டு அப்படியே இருந்தது. எவனும் தொட்டதில்லை. உள்ளே பலகை பளிச்சென்று இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

தங்கை வந்து பக்கத்தில் நின்றாள்.

"நல்ல செட்டு பாப்பா. எவனும் தொறக்கவே இல்ல. இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் அதைப் பேசினேன்.

அவள் செட்டைப் பார்க்கவில்லை.

"அந்த அறுவத்தேழாயிரம் பீரோலதான் கீதுண்ணா. நான் தொடவே இல்ல. இன்னா பண்றதுன்னு தெரியல."

"பொண்ணுக்கு ஃபீஸ் கட்டும்மா."

"அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "பொட்டிய வச்சிகினு வண்டியிலேர்ந்து எறங்கி சிரிச்சாரு பாரு, அப்பவே தெரிஞ்சிடுச்சி. அதுக்கப்புறம் அவரு எனக்காக சிரிச்சாரு, நான் அவருக்காக சிரிச்சேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து அழுவல."

நான் கவிழ்த்து வைத்திருந்த மேல்மூடியைக் கையில் எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான்தான் வாங்கட்டும்னு சொன்னேன் இல்ல. பணத்தப் பத்திப் பேசாதன்னு சொன்னேன் இல்ல. அப்புறம் உன்ன எதுக்கு வரச் சொன்னேன்னு நெனச்ச? நீ வந்தா புதுசுன்னு கத்துவ. எப்பவும் போலக் கத்துவ. நீ கத்தனா நமக்கு ஒண்ணும் இல்லன்னு அவரு நம்பிக்குவாரு. அதுக்குத்தான வரச் சொன்னேன்."

கார்த்திகையில் மருத்துவமனை வாசலிலும், சித்திரையில் அவன் போன அன்றும் அழாதவள், நான் பார்க்க முதல் தடவையாக அழுதாள்.

"இருவது வருசமா கத்தனியே ண்ணா. அன்னிக்கு ஒரு நாளு கத்தக் கூடாதா?"

மூடியைச் செட்டின் மேல் பொருத்தினேன். சிவப்புப் பொட்டு உடைந்த எட்டு ஸ்க்ரூவையும் மேசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் முடுக்கினேன்.